லாபுவில் ஊழியம் செய்யும் பிள்ளையைப் பார்க்க வருகிறீர்களா? பயனுள்ள குறிப்புகள்

பிள்ளையை மிஷனுக்கு அனுப்பிவிட்டு ஜெபத்தோடு காத்திருப்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதுசு இல்லை. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கல் பக்கம் பிள்ளைகள் போனபோது பெற்றோருக்குக் கடிதம்தான் துணை. இப்போது சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். எங்கள் லாபு பக்கம் சபை வேலைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் வந்திருக்கும் தம்பி தங்கைகளைப் பார்க்க அப்பா அம்மா வருவது சகஜமாகிவிட்டது. அப்படி வருகிறவர்களுக்குச் சோறு போட்டுப் பழகிய கை என்பதால் சொல்கிறேன்: ஊழியக்காரர் கையில் இருப்பது காணிக்கைக் காசும் அளந்த நேரமும்தான். இரண்டையும் கரைக்காமல் பிள்ளையோடு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போக, இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

கிளம்பும் முன்

1. டிக்கெட் போடும் முன் பிள்ளையிடம் சபைக் காலண்டரைக் கேளுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம் நடக்கும் வாரத்தில் வந்து இறங்கினால் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், பிள்ளை அங்கும் இங்கும் ஓடித் தவிக்கும். அது முடிந்த மறுவாரம் வந்தால் இரண்டு பேருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும்.

2. பெரிய வெள்ளிக்கு மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில்தான் பொது விடுமுறை, லாபு இருக்கும் நெகிரி செம்பிலானில் கிடையாது. வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆலயத்துக்கு வருகிறவர்கள் நிறைய. ஊரில் போலப் பகல் முழுக்க ஆராதனை இருக்கும் என்று நம்பி நாள் குறிக்காமல், நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. இணையத்தில் 'லாபு' என்று தேடினால் 'லாபுவான்' வந்து முந்திக்கொண்டு நிற்கும். அது போர்னியோ கரையை ஒட்டிய தீவு, கடல் தாண்டிப் போகவேண்டும். நீங்கள் இறங்கவேண்டியது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம், அங்கிருந்து லாபு காரில் பக்கம்தான். மலிவு விமானங்களுக்கென்று லாபுவிலேயே ஒரு நிலையம் கட்டப்போவதாக 2009-இல் பேச்சு பலமாக அடிபட்டது, பிறகு கைவிட்டார்கள். வந்திருந்தால் இந்தக் குறிப்பே வேண்டியிருக்காது!

4. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்துபோகும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் பயண நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். மின்னியல் வருகை அட்டையை, வந்து இறங்குவதற்கு முந்திய 3 நாளுக்குள் நிரப்பவேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம், பணம் கேட்கிற தளம் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

5. பிள்ளையின் முகவரியை 71900 என்ற அஞ்சல் குறியீட்டோடு ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். லாபு தோட்டத்தில் பிரிவுகள் உண்டு. முதல் பிரிவுக்கும் நான்காம் பிரிவுக்கும் தனித்தனித் தமிழ்ப்பள்ளியே இருக்கிறது, அதனால் எந்தப் பிரிவு, எந்தத் தாமான் (குடியிருப்பு) என்று எழுதாவிட்டால் கார்க்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பார்.

6. அப்பா நல்ல பிரசங்கியார் என்றால் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும். சுற்றுலா அனுமதியில் வருகிறவர் கன்வென்ஷன் நோட்டீசில் பெயர் போட்டுப் பேசக் கூடாது. சமய ஊழியத்துக்கென்று வருகிறவர்களுக்குத் தொழில்முறை வருகை அனுமதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. நீங்கள் சபையில் உட்கார்ந்து கேட்கிறவராகவே இருந்துவிட்டால் பிள்ளையின் அனுமதிக்கும் சங்கடம் வராது.

7. பயணக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். இங்கே அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி, குடிமக்களுக்கு உள்ள சலுகை கிடைக்காது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கைப்பையிலேயே வையுங்கள்.

8. பிள்ளையின் கண்ணாடி பவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஊரிலேயே இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு வாருங்கள். பனியன், கைலி, பருத்தி நைட்டியும் அப்படித்தான். பிள்ளை வாய்விட்டுக் கேட்காது, நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

9. மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்புத்தூள் என்று கிலோ கணக்கில் அரைத்துக் கட்டாதீர்கள். இங்கே பாபாஸ் மசாலா கிடைக்காத கடை கிடையாது. கறிவேப்பிலையும் முருங்கையும் பல வீட்டு வாசலிலேயே நிற்கும். நெத்திலிக் கருவாடும் இங்கே நிறையக் கிடைக்கும், அதைச் சுமந்து வந்து மற்றத் துணியெல்லாம் மணக்கச் செய்யவேண்டாம்.

10. இங்கே தேடினாலும் சுலபத்தில் அகப்படாததைக் கொண்டுவாருங்கள்: கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, மோர்மிளகாய், கூழ்வடகம். கருப்பட்டியை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் கசியாது.

11. முந்திரிக்கொத்து நாள்பட நிற்கும், உடையவும் உடையாது. தூத்துக்குடி மக்ரூன் அப்படி இல்லை, கெட்டித் தகர டப்பாவில் வந்தால்தான் முழுசாக வரும். பொட்டலம் பிரித்த அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் பதம் போய்விடும்.

12. மல்லிகைப் பதியன், கத்தரி விதை, தோட்டத்து மாம்பழம் இவற்றையெல்லாம் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி, முட்டை, பால் பொருளுக்கும் அனுமதி கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஊரிலேயே பிள்ளையை நினைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

13. "எங்க பையனும் அங்கதான் இருக்கான், இதை மட்டும் கொடுத்திருங்க" என்று யாராவது ஒட்டிய பார்சல் நீட்டினால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான். போதைப்பொருள் சட்டம் இங்கே தூக்குவரை போகும்.

14. காலையில் பில்டர் காப்பி இறங்காவிட்டால் பேச்சே வராது என்பவர்கள் சின்ன பில்டரும் கால் கிலோ தூளும் எடுத்து வாருங்கள். இங்கத்திய கோப்பித்தூள் சர்க்கரை சேர்த்து வறுத்தது, ருசி வேறு.

15. இங்கே பிளக் சதுரக்கால் மூன்று உள்ளது, நம் உருண்டைக்கால் நுழையாது. மாற்றுச் செருகி ஒன்றும் ஊரில் வாங்கிய நீளக் கம்பிப் பலகை ஒன்றும் இருந்தால், ஒரே செருகியில் வீட்டார் போன் எல்லாம் சார்ஜ் ஆகும்.

16. பட்டுச் சேலை ஒன்று போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு. மற்ற நாளுக்குச் சீக்கிரம் காயும் மெல்லிய பருத்தியும் பூனமும் எடுங்கள். தாலிக்கொடி தவிர மற்ற நகையை லாக்கரில் வைத்துவிட்டு வந்தால் தூக்கமாவது நிம்மதியாக வரும்.

17. கிறிஸ்துமஸ் சமயம் வருகிறீர்களா? மடித்து வைக்கிற காகித நட்சத்திரம் நாலைந்து கொண்டுவாருங்கள், எடையே இருக்காது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

18. மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், அதுவும் கையில் உள்ளதெல்லாம் சேர்த்து. பெட்டிக்கான எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், கவுண்டரில் கட்டுகிற காசு வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

வந்து இறங்கியதும்

19. விமான நிலையத்திலிருந்து ரயிலில் வர, முதலில் கேஎல்ஐஏ டிரான்சிட் ஏறிப் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி, சிரம்பான் பக்கம் போகும் கேடிஎம் கம்யூட்டருக்கு மாறவேண்டும். லாபு நிலையம் நீலாய்க்கு அடுத்தது. ஆனால் இந்தப் பாதை வடக்கே போய்த் திரும்பத் தெற்கே வருவது. இரண்டு பேர், நாலு பெட்டி என்றால் நேரே செயலி வழி ஒரு கிராப் கார் எடுப்பதுதான் காசுக்கும் முதுகுக்கும் நல்லது. ரயிலை மற்ற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

20. கம்யூட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியிருப்பார்கள். தெரியாமல் அதில் ஏறி உட்கார்ந்த அப்பாக்களை எழுப்பி அனுப்புவார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள்.

21. உள்ளூர் சிம் கார்டு வாங்க பாஸ்போர்ட் வேண்டும். அம்மா, அப்பா இருவருக்கும் தனித்தனியாக வாங்காமல் ஒன்று வாங்கி மற்றவருக்கு அதிலிருந்தே இணையம் பகிர்ந்தால் போதும்.

22. ஒரு வெள்ளி (ரிங்கிட்) நம் பணத்தில் 20 ரூபாயை ஒட்டி ஏறி இறங்கும். எதை எடுத்தாலும் இருபதால் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை முதல் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும். 5 வெள்ளி நோட்டு பச்சை, 50 வெள்ளி நீலப்பச்சை. மங்கிய வெளிச்சத்தில் மாறிப்போகும், வேறு வேறு பையில் வையுங்கள்.

23. இங்கே மணி உங்கள் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிற பழக்கத்தில் படுத்தால் இங்கே ஏழரை ஆகியிருக்கும், பிள்ளை புறப்பட்டுப் போயே இருக்கும். முதல் வாரம் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உதிப்பதும் ஏழு மணியை ஒட்டித்தான், ஆறரைக்கு வெளியே இருட்டாக இருந்தால் பயப்படவேண்டாம். ஊருக்குப் போன் போடுவதைக் காலை பத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் அங்கே யாரையும் எழுப்பமாட்டீர்கள்.

24. சின்னச் சின்ன அரசாங்க வேலைக்கு வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை அலுவலகங்களில் இடைவேளை விடுவார்கள்.

வீட்டுக்குள்ளே

25. அம்மாமார் வந்ததும் முதலில் கை வைப்பது அடுக்களை அலமாரியில். வேண்டாம் அக்கா! நீங்கள் போனபிறகு உப்பு எங்கே, தூள் எங்கே என்று ஒரு மாதம் தேடுவார்கள். அடுக்கை அப்படியே விட்டுவிட்டு, பாத்திரத்தின் அடியை மட்டும் தேய்த்துக் கொடுங்கள்.

26. தினம் மூன்று வேளையும் விருந்து சமைப்பதைவிட, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித்தொக்கு என்று நாள்படத் தாங்குவதைச் செய்து சின்னச் சின்ன டப்பாவில் வையுங்கள். இரவு வீட்டு ஜெபம் முடிந்து பத்து மணிக்கு வருகிற பிள்ளைக்கு, சோறு மட்டும் வைத்தால் சாப்பாடு தயார். டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள்.

27. தேங்காய் துருவ உட்காராதீர்கள். சந்தையில் தேங்காயை உடைத்து, அங்கேயே துருவித் தருவார்கள், பாலாகவும் பிழிந்து தருவார்கள். அரைமூடி மிஞ்சினால் துருவலைப் பனிக்கட்டி அறையில் தட்டையாகப் பரப்பி வையுங்கள், வேண்டியதை ஒடித்து எடுக்கலாம்.

28. தோசை மாவு இங்கே கிடுகிடுவெனப் பொங்கும். இரவு அரைத்து வெளியே விட்டால் விடிகாலை மேடையெல்லாம் மாவு. ராத்திரி படுக்கப்போகும்போது பாதி மாவைக் குளிர்பெட்டியில் தள்ளிவிடுங்கள்.

29. முறுக்கு டப்பாவில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் நமத்துப்போகாது. அதே முடிச்சு ஒன்றைப் பிள்ளையின் வேதப்புத்தகம், பாட்டுப்புத்தகம் இருக்கிற தட்டிலும் வையுங்கள். இந்த ஊர்க் காற்றில் மெல்லிய தாள் அப்பளம்போல் சுருண்டுவிடும்.

30. மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும். துணியைக் காலை எட்டுக்குள் காயப்போட்டு ஒரு மணிக்குள் எடுத்துவிடுங்கள். மிச்சம் ஈரம் இருந்தால் காற்றாடிக்குக் கீழே ஒரு கொடி.

31. தோட்டத்துச் செம்மண் வேட்டியில் பட்டால் உடனே தண்ணீரில் போட்டுக் கசக்காதீர்கள், நூலுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பிரஷால் தட்டிவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

32. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், வாளி எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கிக் கொசு உற்பத்தியானால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுவார்கள், அது பிள்ளையின் பையிலிருந்துதான் போகும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கை மூடிய சட்டை நல்லது.

33. வாசலில் விட்ட செருப்பையும் பூட்சையும் கவிழ்த்துத் தட்டிவிட்டே காலில் போடுங்கள். செம்பனைக் காட்டில் எலி உண்டு, எலி இருக்கும் இடத்தில் பாம்பும் உண்டு. எலியைப் பிடிக்கவே பல தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள், ராத்திரி அதன் சத்தம் கேட்டால் அபசகுனம் என்று எழுந்து உட்காரவேண்டாம். வேலை நடக்கிறது என்று திரும்பிப் படுங்கள்.

34. உதிர்ந்து கிடக்கும் தென்னை ஓலை கண்ணில் பட்டால் ஈர்க்கு கிழித்து ஒரு விளக்குமாறு கட்டிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் பொழுது போகும், அண்டை வீட்டுக்காரரும் ஒன்று கேட்டு வருவார். பழக்கம் பிடிக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

35. பிள்ளையின் சட்டையில் பொத்தான், பையில் ஜிப், கைலியில் மூட்டல் என்று ஒரு பிற்பகல் முழுக்கத் தைத்து முடியுங்கள். ஊசி, நூல், பொத்தான் டப்பாவை விட்டுவிட்டுப் போங்கள். குக்கருக்கு ஒரு உதிரி கேஸ்கெட்டும்.

36. கடையில் தே தாரிக் என்னும் பால் டீ கேட்டால் கட்டிப்பாலின் இனிப்போடு வரும், சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. 'தே ஓ கோசோங்' என்று சொல்லுங்கள், பாலும் சீனியும் இல்லாமல் வரும். கொஞ்சம் இனிப்பு போதும் என்றால் 'கூராங் மானிஸ்'.

சபையிலும் தோட்டத்திலும்

37. தோட்டத்தில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) விடியுமுன்பே. அதனால் பகலில் வீடு சந்திக்கப் போனால் யாரும் இருக்கமாட்டார்கள், இருந்தாலும் களைத்துப் படுத்திருப்பார்கள். மாலை ஐந்துக்கு மேல் போங்கள், ஒன்பதுக்குள் எழுந்துவிடுங்கள்.

38. சாப்பாட்டுக்கு அழைப்பு வரிசையாக வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று பிள்ளையிடமே பட்டியல் போடச் சொல்லுங்கள், யாரும் விட்டுப்போனதாகக் குறை வராது. வெறுங்கையோடு போகாமல் சுக்குக் கருப்பட்டி இரண்டு வில்லை, ஒரு வசன நாட்காட்டி. அதுவே தாராளம்.

39. கைப்பிரதி கட்டு கொண்டுவந்து பேருந்து நிலையத்தில் கொடுக்கிற வழக்கத்தை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்களிடையே மற்றச் சமயங்களைப் பரப்புவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் நெகிரி செம்பிலானில் 1991-இலிருந்து இருக்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 11(4) பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆர்வத்தில் நீங்கள் நீட்டுகிற ஒரு தாள், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் பிள்ளையையும் சபையையும் விசாரணைக்கு அலையவிடும். உங்களுக்கென்று ஒரு தமிழ் வேதப்புத்தகம் போதும், அட்டைப்பெட்டி வேண்டாம்.

40. ஞானஸ்நானம், பிள்ளைகள் வகுப்பு, வீட்டு ஜெபம் இந்தப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போடும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குடும்பக் குழுவில் போட்டதுகூட ஊர் சுற்றி வந்துவிடும். சோற்றுத்தட்டையும் செம்பனை மரத்தையும் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

41. கல்யாணப் பேச்சு! எடுக்காமல் இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். சபையார் நடுவில் வேண்டாம், போதகரம்மாவிடம் வரன் விசாரிக்கவும் வேண்டாம். ஒரு மாலை நடையில் பிள்ளையிடம் தனியாகக் கேட்டு, பதிலையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதோடு விட்டுவிடுங்கள்.

42. அப்பாவுக்குப் பொழுது போகவில்லையா? தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் பக்கத்திலேயே இருப்பார்கள், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஊழியக்காரருக்குப் பாதிப் பாரம் குறையும். கதவுக் கீல், ஒழுகும் குழாய், ஆடும் பெஞ்சு இவையும் காத்திருக்கும்.

43. உங்கள் ஊர்க் கோயில், பள்ளிக்கூடம், பழைய தெரு இவற்றின் படங்களைக் கைப்பேசியில் ஏற்றி வாருங்கள். இங்கே பெரியவர்கள் பலருக்குத் தாத்தா பாட்டி புறப்பட்டு வந்த ஊரின் பெயர் மட்டும்தான் தெரியும், அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. பால்மரம் (ரப்பர்) சீவிய காலம், ஜப்பான்காரன் ஆட்சியில் 1943 வாக்கில் தோட்டத்து ஆள்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனது, போனவர்களில் திரும்பாதவர்கள் என்று பேச்சு நீளும். குறுக்கே பேசாமல் கேளுங்கள், நடுவில் மணி பார்க்காதீர்கள். யாராவது குடும்பப் பெயரும் ஊரும் சொன்னால் எழுதிக்கொண்டு போய், உங்கள் சேகரத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடிப் பார்த்து ஒரு படம் அனுப்புங்கள். பிள்ளை வருஷக்கணக்கில் கதவு தட்டியும் திறக்காத வீடு அதில் திறந்துவிடும்.

44. மலாய் அண்டை வீட்டாருக்கு வீட்டுச் சமையலைக் கொடுத்துத் தர்மசங்கடப்படுத்தவேண்டாம். முழுப் பழம், அல்லது ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் டின் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். நோன்பு மாதம் என்றால் பகலில் அவர்கள் எதிரே நின்று தின்னாமல் இருப்பது மரியாதை. அந்த மாத மாலைகளில் நடக்கும் ரமலான் சந்தையைத் தவறவிடாதீர்கள்.

45. குருத்தோலை ஞாயிற்றுக்கு வந்தால் உங்கள் கைக்கு நல்ல வேலை உண்டு. பனை இங்கே அருமை, தென்னங்குருத்தில்தான் சிலுவை மடிக்கவேண்டும். சனிக்கிழமையே மடித்து, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை வரை வாடாது, விரியாது.

46. காணிக்கைக்கு ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளை வாரத்தின் நடுவிலேயே மாற்றி வையுங்கள். ரூபாய் நோட்டைத் தட்டில் போட்டால் பொருளாளர்தான் பாவம், அதை மாற்ற அலையவேண்டும்.

ஒரு நாள் வெளியே

47. லாபுவில் கம்யூட்டர் ஏறினால் மாறாமலே கேஎல் சென்ட்ரல் போகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து நடை தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ். தமிழ்க் கடைகள், வாழையிலைச் சாப்பாடு, 1924-இல் கட்டிய சீயோன் லுத்தரன் ஆலயம் எல்லாம் அடுத்தடுத்து. தைப்பூசச் சமயம் மட்டும் வேண்டாம். இதே ரயில்தான் பத்துமலைக்கும் போகிறது, நிற்க இடம் கிடைக்காது.

48. ஒரே ஒரு நாள்தான் ஓய்வு என்றால் நான் மலாக்காவைத்தான் சொல்வேன். கம்யூட்டரில் தெற்கே பூலாவ் செபாங் வரை போய், அங்கிருந்து கார் அல்லது பேருந்து. முத்துக்குளித்துறையில் மீனவர் நடுவே உழைத்த சவேரியார் 1545-இல் இங்கே வந்தார். சீனக் கரையில் 1552-இல் இறந்த அவருடைய உடலை மறு வருஷம் மலாக்காவுக்குக் கொண்டுவந்து, கோவாவுக்குக் கொண்டுபோகும்வரை குன்றின் மேலுள்ள புனித பவுல் ஆலயத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். தூத்துக்குடி, மணப்பாட்டுக்காரர்கள் அந்தக் கூரையில்லாத சுவர்களுக்குள் நின்று பார்க்கவேண்டும். அடிவாரத்தில் 1753-இன் சிவப்புக் கிறிஸ்து ஆலயமும் இருக்கிறது. குன்றுப் படிகளை வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், குடையும் தண்ணீரும் கையில்.

49. கடலைப் பார்க்காமல் இருக்கமுடியாதவர்களுக்குப் போர்ட்டிக்சன். சபையார் வேன் எடுக்கும்போது ஒட்டிக்கொள்ளுங்கள், தனியாகப் போனால் கார்க்காசு எகிறும்.

50. திரைச்சீலை, மேசை விரிப்பு, தரைவிரிப்பு வாங்க நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகளுக்குப் போங்கள். முதல் கடையில் வாங்காதீர்கள், மூன்று கடை ஏறி இறங்கினால் விலை தானே இறங்கும். காய்கறிக்கும் பலகாரத்துக்கும் வாரச் சந்தையான பாசார் மாலாம். மூடும் நேரத்துக்குச் சற்று முன் போனால் குவியல் குவியலாக மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

திரும்பும்போது

51. ஊருக்குக் கொண்டுபோகக் கோடாலித் தைலம், மைலோ, பிஸ்கட் டின், ஈப்போ வெள்ளைக் காப்பி. விமான நிலையக் கடையில் வாங்காமல் சிரம்பான் பேரங்காடியில் வாங்கினால் கணிசமாக மிச்சம். தைலத்தைப் பெரிய பெட்டியில் போடுங்கள், பவர் பேங்க்கைக் கைப்பையில் போடுங்கள். இரண்டும் இடம் மாறினால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

52. கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாக்களைத் திரும்பச் சுமக்காமல் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். கையில் மிஞ்சிய வெள்ளிக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி நிரப்புங்கள். காசாகக் கொடுத்தால் அது மறுநாளே வேறு யாருடைய வீட்டு மின்கட்டணமாகப் போய்விடும், இந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா!

53. புறப்படும் நாள் விடியற்காலை விமானம் என்றால் ரயிலை நம்பவேண்டாம், அந்த நேரத்தில் ஓடாது. சபையில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் முந்தின ஞாயிறே சொல்லி வையுங்கள், எண்ணெய்க் காசை உறையில் போட்டு இருக்கையில் வைத்துவிடுங்கள், கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். மூன்று மணி நேரத்துக்கு முன் அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். பசியாற ரோட்டி சானாயைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள், குழம்பு மட்டும் தனியாக, ரப்பர் வளையம் இரண்டு போட்டு.